பென்சில் கோடு ஏறவில்லை!

"வீ...ல்!"

காலை எட்டு மணிக்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிளம்பிய அந்த அலறலில் எதிர்க்கடை ஷட்டர் தானாகவே பாதி இறங்கியது. டீக்கடையில் மூன்று பேர் கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, பிறகு தனியாக அலறினார்கள்.

முதலில் அலறியது ஸ்பேனரக்கா.

வயது ஐம்பத்திரண்டு. லாரி எஞ்சினை ஒற்றை ஆளாகத் தூக்கியவள் என்று ஊரில் பேச்சு. (பாதிதான் பொய்!) பாம்பு வந்தால் ஸ்பேனரால் தட்டி, 'போடா அந்தாண்ட' என்பவள். அவளே அலறினாள் என்றால்...

அவள் கண்கள் மேஜையில் நிலைத்திருந்தன.

ஒரு கண்ணாடிக் குழாய். அடியில் தண்ணீர். மேலே பெட்ரோல். தண்ணீர் மட்டத்துக்குச் சரியாக ஒரு சிவப்புப் பென்சில் கோடு. பக்கத்தில் நாலாக மடித்த துணி.

அவள் புருஷன், அந்த ஒர்க்‌ஷாப்பின் மெக்கானிக், தினமும் வைக்கிற மாதிரியே!

அவர் செத்துப்போய் இன்றோடு பதினெட்டு நாள்.

மூன்றாவது நாளாக இந்தக் குழாய் வந்திருக்கிறது. முதல் நாள், கண் கோளாறு என்று நினைத்துக் கழுவி வைத்தாள். இரண்டாம் நாள், கழுவப் பயந்து அப்படியே ஒதுக்கி வைத்தாள். இன்று குழாய்க்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று...

நசுங்கிப்போன ஒரு சைக்கிள் பெல் மூடி.

ஷெட்டின் நடுவில் அந்த டாக்ஸி நின்றது. அவர் அடியில் படுத்து வேலை பார்த்த டாக்ஸி. ஜாக்கி இறங்கி, அவர் மார்பின் மேலேயே உட்கார்ந்துவிட்ட டாக்ஸி.

அதன் அடியிலிருந்து, பதினெட்டு நாளாக, அவளுக்கு மட்டும் கேட்கிறது அந்தக் குரல்.

'ஸ்டாண்ட் போட்டியா?'

ஜாக்கியை மட்டும் நம்பி எந்த மெக்கானிக்கும் வண்டிக்கு அடியில் போக மாட்டான். இரும்பு ஸ்டாண்ட் இரண்டு முட்டுக் கொடுக்க வேண்டும். இந்த ஷெட்டில் அது அவள் வேலை. அவர் கேட்பார், அவள் 'போட்டாச்சு' என்பாள். இருபத்தேழு வருஷம்.

அன்றைக்கும் போட்டாள். போட்டாளா? போட்டுவிட்டுத்தானே கேஸ்கட் வாங்கக் கடைக்குப் போனாள்? ஆனால் திரும்பி வந்தபோது இரண்டு ஸ்டாண்டும் சுவரில் சாய்ந்து நின்றன... சுத்தமாக... அழகாக... அவளைப் பார்த்துக்கொண்டு.

'மனைவியின் கவனக்குறைவு. விபத்து.' போலீஸ் எழுதி மூடிவிட்டது.

*நான்தான் கொன்னேனா?*

அவள் போனை எடுத்தாள்.

*

"ஹச்...!"

இன்ஸ்பெக்டர் உள்ளே வருவதற்கு முன்பே அவருடைய தும்மல் வந்தது. அவருக்கு நிரந்தர ஜலதோஷம். 'மூக்கடைப்பு' என்றுதான் ஸ்டேஷனிலேயே பேர்.

"என்னம்மா, பேய்னு போன் பண்ணீங்களாம்? கான்ஸ்டபிள் வர மாட்டேன்னுட்டான். ஜீப்பை நானே ஓட்டிட்டு வந்தேன்."

"மோந்து பாருங்க சார்."

"என் மூக்கு பத்தி தெரிஞ்சும் நக்கலா?"

"பெட்ரோல் சார். சரி, மூக்கை விடுங்க. கண்ணு வேலை செய்யுதில்ல? இந்தக் கோட்டைப் பாருங்க."

"கோடு... தண்ணி... இதுல என்ன?"

"இப்ப எந்த பங்க்ல போட்டாலும் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் சார் வருது. சரக்கு! புது வண்டி தாங்கும். பழைய வண்டி ரப்பர் ட்யூப் எல்லாம் ஊறி, கொழகொழன்னு ஆயிடும். அதனால எந்த வண்டி வந்தாலும் எங்க வீட்டுக்காரர் முதல்ல குழாய்ல தண்ணி ஊத்தி, கோடு போட்டு, மேல பெட்ரோலை ஊத்திக் குலுக்குவார்."

"குலுக்கினா?"

"எத்தனால் இருக்கே, அது கட்டிக்கிட்டது பெட்ரோலை. மனசு பூரா தண்ணி மேல! தண்ணியைக் கண்டதும் பெட்ரோலை உதறிட்டு ஓடிடும். கீழ தண்ணி மட்டம் கோட்டைத் தாண்டி ரெண்டு விரல் ஏறும். ஏறினா சரக்கு இருக்கு."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "இது ஏறலியே?"

"அதான் சார்! மூணு நாளும் ஏறல. சுத்தமான பெட்ரோல். அது ஊருக்குள்ள எங்கயும் கிடைக்காது. ஒரே ஒரு வீட்டைத் தவிர."

"யார் வீடு?"

"கெமிஸ்ட்ரி புரொபசர்."

அவரைத் தெரியாதவர்கள் இல்லை. முப்பத்தைந்து வயதான காரைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்ப்பவர். பிள்ளையைக்கூட அப்படி யாரும் தினம் மூன்று வேளை துடைப்பதில்லை! பங்க் பெட்ரோலை டிரம்மில் ஊற்றி, தண்ணீர் கலந்து, கீழே இறங்குகிற எத்தனாலை வடித்துக் கொட்டிவிட்டு, மேலே மிதக்கிற சுத்தமான பெட்ரோலை மட்டும் காருக்குக் கொடுப்பவர். 'என் கார் குடிக்காது!' என்பது அவருடைய தினசரி வசனம். அவர் கொட்டுகிற இடத்தில் எறும்புகள்கூட தள்ளாடித்தான் போகும்.

"அவரை அப்பவே விசாரிச்சோமேம்மா. அந்த வாரம் உங்க ஷெட்டுக்கு வந்த எல்லாரையும் விசாரிச்சோம். சம்பவம் நடந்த பதினோரு மணிக்கு அவர் நாப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பங்க்ல டேங்க் ஃபுல் பண்ணிட்டிருந்தார். ரசீது இருக்கு."

"எந்த பங்க் பெட்ரோலையாவது அவர் நேரா கார்ல ஊத்துவாரா சார்?"

தும்ம வந்த இன்ஸ்பெக்டர் தும்மலை மறந்தார்.

"சாகறதுக்கு முதல் நாள் எங்க வீட்டுக்காரர், 'புரொபசர் காரைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், ரெண்டு நாள் பொறு'ன்னார். என்னன்னு சொல்லாமலே போயிட்டார். இப்ப இதை வெச்சிட்டுப் போயிருக்கார்."

அவள் பெல் மூடியை நீட்டினாள்.

இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது.

"போன மாசம் பைபாஸ்ல ஒரு பேப்பர்காரரை அடிச்சிட்டு ஒரு கார் நிக்காம போயிடுச்சு. அவர் சைக்கிளை இன்னும் ஸ்டேஷன்லதான் வெச்சிருக்கோம். அதுல..."

"அதுல?"

"பெல்லுக்கு மூடி இல்ல!"

*

புரொபசர் சிரித்தார். காரைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"மறுபடியுமா? எத்தனை தடவை சொல்றது! பதினோரு மணிக்கு அந்த பங்க்ல இருந்தேன். டேங்க் ஃபுல். ரசீது உங்க ஃபைல்ல தூங்குது."

"அதுக்கப்புறம் பெட்ரோல் போட்டீங்களா சார்?"

"நேரா வீட்டுக்கு வந்து நிறுத்தினதோட சரி. காரை வெளியவே எடுக்கல. முள்ளைப் பாருங்க, இன்னும் முக்காலுக்கு மேல நிக்குது."

"இந்த டேங்க்ல இருக்கறது முழுக்க அந்த பங்க் பெட்ரோல்தானே?"

"ஒரு சொட்டு வேற கிடையாது!"

"நல்லா யோசிச்சு சொல்லுங்க சார்," என்றாள் ஸ்பேனரக்கா மெதுவாக.

"ஏம்மா, உன் கவனக்குறைவுல புருஷன் போனான்னு ஊரே பேசுது. நீ வந்து என்னை யோசிக்கச் சொல்றியா?"

அந்த வார்த்தை அவள் நெஞ்சில் டாக்ஸி மாதிரி இறங்கியது.

அவள் பைக்குள் கைவிட்டு, கண்ணாடிக் குழாயை எடுத்தாள்.

புரொபசரின் கையிலிருந்த துணி நின்றது.

கெமிஸ்ட்ரி படித்தவர். குழாயைப் பார்த்த அந்தக் கணமே பாடம் புரிந்துவிட்டது. சொன்னதை இனி எப்படி விழுங்குவது?

"டேங்க்கைத் தொடாதே! பெயின்ட்ல கீறல் விழும்!"

"விழாது சார். எங்க வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்த கை."

தண்ணீர். கோடு. ரப்பர் ட்யூப் வழியே டேங்க்கிலிருந்து பெட்ரோல். குலுக்கினாள். வீட்டுத் திண்ணையில் வைத்தாள்.

மூன்று பேரும் குனிந்தார்கள்.

ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்...

கோடு ஏறவில்லை.

புரொபசரின் முகத்திலிருந்து ரத்தம்தான் இறங்கியது!

"அது... அந்த பங்க்ல கலக்காம வித்திருப்பான்..."

இன்ஸ்பெக்டர் ரசீதை விரித்தார். "அச்சடிச்சிருக்கான் சார். 'எத்தனால் இருபது சதவீதம்.' கண்ணாடி வேணுமா?"

"ஒரு கொலை பண்ணத் துணிஞ்சீங்க," என்றாள் ஸ்பேனரக்கா. "பொய்யை நிஜமாக்க, இந்த டேங்க்ல நாலு லிட்டர் பங்க் பெட்ரோலை ஊத்த மட்டும் மனசு வரல. உங்க டிரம்மிலேருந்தே ரொப்பிட்டீங்க. இல்லையா சார்?"

"அப்ப இந்த ரசீது யாரோடது?" இன்ஸ்பெக்டர் உறுமினார்.

"நான் பொறுக்கிட்டு வந்தது."

வாசற்படியில் புரொபசர் வீட்டம்மா நின்றிருந்தாள். மெலிந்த குரல். ஆனால் உடையவில்லை.

"அன்னிக்கு எங்க அக்கா வீட்டுக்கு பஸ்ல போனேன். வழியில பதினோரு மணி வாக்குல அந்த பங்க்ல இறங்கி, கீழ கிடக்கிற புது ரசீது ஏதாவது எடுத்துட்டு வான்னார். காலேஜ்ல பயணப்படி வாங்கணும்னார். நானும் நம்பினேன்."

"நீ வாயை மூடு!"

"முப்பது வருஷமா மூடித்தானே இருந்தேன்."

புரொபசர் காரின் மேல் சரிந்தார். அப்போதும், கை ரேகை படாமல் முழங்கையை ஊன்றித்தான் சரிந்தார்!

"அந்தப் பேப்பர்காரன் குறுக்கே வந்துட்டான். நான் நிக்கல. காரோட முன் கிரில்லை உங்க ஷெட்ல ரிப்பேருக்கு விட்டேன். உன் புருஷன் உள்ள மாட்டியிருந்த பெல் மூடியைக் கண்டுபிடிச்சு, என் கையிலேயே குடுத்தான். 'ரெண்டு நாள் டைம் சார். நீங்களே போய் சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்வேன்'னான். அவ்வளவு மரியாதையா பேசினான்... மிரட்டியிருந்தாக்கூட பரவாயில்ல."

ஸ்பேனரக்காவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. கேட்கப் பயமாக இருந்தது. கேட்டாள்.

"ஸ்டாண்ட்?"

புரொபசர் துணியைத் திருகினார்.

"சொல்லுங்க! ஸ்டாண்ட் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு. ரெண்டும் இருந்துச்சு. ஜாக்கியை நாலு அழுத்து அழுத்தினேன். வண்டி எழும்பினதும் ரெண்டையும் உருவி, சுவத்துல சாத்தினேன். சத்தம் கேட்டு, நீ வந்துட்டேன்னு நினைச்சான். கீழேருந்து கேட்டான்... 'ஸ்டாண்ட் போட்டியா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஜாக்கியை இறக்கினேன்."

தூரத்தில் எங்கோ ஒரு வண்டி உறுமி அடங்கியது.

ஸ்பேனரக்கா காற்றைப் பார்த்துச் சொன்னாள். "போட்டிருந்தேன். கேட்டுச்சா? நான் போட்டிருந்தேன்!"

*

மறுநாள் காலை.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார், வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க. பின்னால் புரொபசர் வீட்டம்மா.

"இவங்க உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

அவள் தயங்கினாள். "உங்களைப் பயமுறுத்தினது நான்தான். அவர் அலமாரியில அந்த மூடியைப் பார்த்தேன். எல்லாம் புரிஞ்சிடுச்சு. வாயால சொல்லத் தைரியம் வரல. அதான் விடிகாலைல வாக்கிங் போற சாக்குல டிரம்மிலேருந்து ஒரு பாட்டில் எடுத்துட்டு வந்து... உங்க பின் கதவு சாவிதான் அந்தப் பழைய ஹெட்லைட் கூட்டுக்குள்ள இருக்குன்னு ஊருக்கே தெரியுமே. அண்ணன் குழாயை எப்படி வைப்பார்னு நான் பார்த்திருக்கேன். அதே மாதிரி வெச்சேன். மூணாம் நாள் அந்த மூடியையும் சேர்த்து."

"பார்த்தீங்களா?" இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சினார். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல!"

ஸ்பேனரக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

பிறகு கேட்டாள். "மூணு நாள் வெச்சீங்க. சரி. இன்னிக்கு எதுக்கும்மா வெச்சீங்க?"

"இன்னிக்கா? நேத்து சாயந்திரமே அக்கா வீட்டுக்குப் போயிட்டேனே. இப்பத்தான் சார் கூட்டிட்டு வந்தார்."

"சாவி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீங்க சொன்னபடி நேத்தே புதுப் பூட்டு போட்டுட்டேன். ஒரே சாவி." ஸ்பேனரக்கா இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். "ராத்திரி பூரா என்கிட்டதான் இருந்தது."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

மேஜை மேல் கண்ணாடிக் குழாய். நாலாக மடித்த துணி. சிவப்புக் கோடு. ஆனால் இந்த முறை தண்ணீர் கோட்டைத் தாண்டி, ஐந்து விரல் ஏறி நின்றது. கலங்கலாக.

"இது... என்னம்மா அர்த்தம்?"

"சாதா பங்க் பெட்ரோல்னா ரெண்டு விரல்தான் ஏறும் சார். அஞ்சு ஏறியிருக்குன்னா அந்த டேங்க்குக்குள்ள ஏற்கெனவே தண்ணி இறங்கியிருக்கு. எந்த வண்டின்னுதான் தெரியல."

டாக்ஸியின் அடியில் மெல்ல ஏதோ உருண்டது. ஒரு போல்ட்.

"கை... கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கறேன்!"

இன்ஸ்பெக்டர் மூன்றே தாவலில் ஜீப்புக்குள் இருந்தார். சாவியைத் திருகினார்.

குர்ர்... குர்ர்... களுக்!

மறுபடி. குர்ர்... களுக்!

ஜீப் அசையவில்லை.

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய மூக்கடைப்பு திறந்திருந்தது.

ஸ்பேனரக்கா வாசலில் நின்றாள். பதினெட்டு நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு.

"இறங்கி வாங்க சார், டேங்க்கைக் கழட்டிடலாம். செக்கிங்குக்குக் கூலி வேணாம்... செத்ததுக்கப்புறம் அவர் யார்கிட்டயும் காசு வாங்கறதில்ல!"