பதினெட்டு கிலோமீட்டர் உயரத்து ஈரம்

தூறல் விழுந்ததும் துணி எடுக்க மாடிக்கு ஓடியவள் அப்படியே நின்றாள். கொடிக்கயிற்றில் ஒரு கிழிந்த பலூன்... அதன் நூலில் தொங்கியபடி ஒரு வெள்ளைப் பெட்டி... பெட்டியின் மேல் ஒரு போன் நம்பர்.

கூப்பிட்ட அரைமணியில் மூச்சிரைக்க வந்து நின்றான் வானிலை நிலையத்துப் பலூன்காரன். நெற்றியில் வழியும் மழை... அதற்கு நடுவே சிரிக்கும் கண்கள்... அவளுக்குள் ஏதோ குதித்தது.

"உயரத்துல காத்துல எவ்வளவு ஈரம் இருக்குன்னு இது அளந்துட்டு வருதுங்க. சாட்டிலைட் கணக்கெல்லாம் சும்மா. பதினெட்டு கிலோமீட்டருக்கு மேல நம்பவே முடியாது."

"அந்தக் கணக்கைப் போடறதே நான்தான்."

அவன் ஒரு நொடி விழித்தான். "அப்போ உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். உங்க கணக்கைவிட என் பெட்டி ரெண்டு மடங்கு ஈரம் காட்டுது."

"பெட்டிதான் தப்பு."

"அது நேர்ல போய்ப் பாத்துட்டு வருதுங்க."

"நீங்க கிளம்புங்க."

அனுப்பிவிட்டாள். ஆனால் மனசு கேட்டால்தானே... மறுநாள் அலுவலகத்தில் கணக்கை மூன்று முறை சரிபார்த்தாள். பிழையே இல்லை. சட்டென்று பிடிபட்டது. மேகத்துக்குள் நனைந்து போகும் பலூன், மேலே வறண்ட காற்றில் அந்த ஈரத்தை விடுகிறது. கீழே தொங்கும் பெட்டி அதையும் சேர்த்து அளக்கிறது. படபடப்போடு போன் செய்தாள்.

"நூலை நீளமாக் கட்டிப் பாருங்க."

"ரெண்டு வருஷமா பலூன் விடறேன். எனக்கே பாடமா?" போனை வைத்துவிட்டான்.

பத்து நாள்... ஒரு சத்தமும் இல்லை.

"போனை இப்படி முறைச்சா அது அடிச்சிடுமாடி?" என்றாள் அக்கா.

பதினோராம் நாள் காலை, அவள் மேஜை முன்னால் அவனே நின்றான். கையில் ஒரு காகிதம்.

"நூலை மூணு மடங்கு நீளமாக்கினேன். உங்க கணக்கோட அப்படியே ஒத்துப்போச்சு. ரெண்டு வருஷமா நான் அனுப்பினது என் பலூனோட ஈரம். எல்லாத்தையும் அடிச்சிடச் சொல்லி மேலதிகாரிக்கு எழுதிட்டேன்."

ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. அந்த முகத்தைப் பார்க்கத் தாங்கவில்லை.

"மேல் உயரத்து அளவை மட்டும் அடிங்க. மேகத்துக்குள்ள என் சாட்டிலைட்டுக்குக் கண்ணே தெரியாது. அங்க நீங்கதான் சரி."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நூல் விஷயத்தைப் போன்லயே சொல்லியிருக்கலாமே?" என்றாள் மெல்ல.

"அஞ்சாம் நாளே தெரிஞ்சுபோச்சு. தப்பை ஒத்துக்க ரெண்டு நாள்... இன்னொண்ணைச் சொல்லத் தைரியம் வர மீதி நாள்."

"இன்னொண்ணா?"

"உங்களைப் பிடிச்சிருக்கு."

பக்கத்து மேஜைகளில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. அவள் காது மடல் வரை சிவந்தாள். நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க. எனக்கும்தான்... முதல் நாள்லேருந்தே."