ரெண்டு விமானம், ஒரு பிணம்

நொறுங்கிய விமானத்துக்குப் பத்தடி தள்ளி, கருவேலஞ்செடி ஓரமாய் மரியராஜ் செத்துக் கிடந்தான்.

கழுத்து, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உதட்டில் ஈ.

இன்ஸ்பெக்டர் ஆரோக்கியநாதன் தொப்பியைக் கழற்றினார். குனிந்து ஈயை விரட்டினார். அது போய்விட்டுத் திரும்பி வந்தது.

பின்னால் யாரோ இளநீர் உறிஞ்சும் சத்தம்...

திரும்பினார். மிராசுதார் மலையாண்டி! குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேரையூர்ப் பக்கம் பாதிப் பருத்திக்காடு அவருடையது. வற்றிக் கிடந்த இந்தக் கண்மாயும் அவர் சொன்னபடிதான் கேட்கும்.

"வாங்க இன்ஸ்பெக்டரய்யா. வெயிலுக்கு ஒரு இளநி வெட்டச் சொல்லவா?"

ஆரோக்கியநாதன் இளநீரைப் பார்த்தார், பிணத்தைப் பார்த்தார். பிணம் அவருக்குப் பழக்கம். இது புதிது.

நடந்ததை ஏட்டு சோணை சொன்னார். மோட்டார் கார் வைத்திருப்பவனையே ஊர் வாய் பிளந்து பார்க்கும் 1937-ஆம் வருஷத்தில், மிராசுக்குச் சொந்த விமானம் கேட்டது. பஞ்சு வியாபாரத்துக்கு மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் தானே பறந்து போக வேண்டுமாம். இரண்டு கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு விமானத்தோடு வந்து கண்மாயில் இறங்கினார்கள்.

மரியராஜ் கொண்டு வந்தது ஒற்றை இறக்கை. மூடிய அறை, நாலு சீட். மெட்ராஸ் வரை நடுவில் இறங்க வேண்டாம். ஆனால் தரை இறங்க நீளமான இடம் வேண்டும்.

பால்பாண்டி கொண்டு வந்தது இரட்டை இறக்கை. இரண்டே சீட். தலைக்கு மேல் கூரை கிடையாது. திருச்சியில் இறங்கிப் பெட்ரோல் ஊற்றியே ஆக வேண்டும். ஆனால் எந்தப் பொட்டலிலும் இறங்கும்.

எதை வாங்குவது?

ஒரு வாரமாக மிராசு இரண்டிலும் ஓசியில் பறந்தார். ராமேஸ்வரம் போனார். மேலூரில் சம்பந்தி வீட்டுக்கு மேலே மூன்று சுற்று சுற்றிக் காட்டினார். இறங்கியதும் இதில் காது அடைக்கிறது, அதில் மீசை கலைகிறது என்று குறை சொல்லி, விலையைக் குறைக்கச் சொன்னார். இரண்டு பேரும் குறைக்கவில்லை.

இன்று காலை மரியராஜ், முதலில் தனியாக ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி ஏறினான். பனைமரங்களைத் தாண்டியதும் இஞ்சின் நின்றது...

நசுங்காமல் தப்பிய டேங்கில் மிச்சமிருந்ததைச் சோணை ஒரு கண்ணாடிக் கிளாஸில் பிடித்து வைத்திருந்தார். மேலே பெட்ரோல்.

கீழே தண்ணீர்!

"கொலைதான்யா. பால்பாண்டி பாத்த வேலை," என்றார் மிராசு.

நேற்றுச் சாயங்காலம் பால்பாண்டியும் மரியராஜும் ஊரறியச் சண்டை போட்டார்களாம். அது போதும் என்று மிராசின் ஆட்கள் பால்பாண்டியைப் பனைமரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். அவன் உதடு கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"சண்டை போட்டது நெசம்தாங்கய்யா. ஏவாரத்துல போட்டோம். அதுக்காக, வானத்துல போறவன் இன்னொருத்தன் டேங்க்குல தண்ணி ஊத்துவானா?"

"தூக்குக்கயிறு கண்ணுல தெரிஞ்சா எவனும் இப்படித்தான் பேசுவான்," என்ற மிராசு, இன்ஸ்பெக்டரின் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இவன் உள்ள போயிட்டா அந்த ரெட்டை றெக்கை சும்மாதான கெடக்கும்? கம்பெனிக்காரன்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசி, பாதி வெலைக்கு முடிச்சுக் குடுங்களேன். ஒண்ணுதான் ஒடஞ்சு போச்சு. இனி எதை எடுக்கன்னு யோசிக்கவே வேணாம்."

இளநீர் வாசனையோடு அந்தப் பேச்சு காதில் விழுந்தது. ஆரோக்கியநாதன் தள்ளிப் போய்க் காறித் துப்பினார்.

சீ! பிணத்தின் மேல் போர்த்தச் சோணை ஒரு துணி கேட்டதற்கு, எண்ணெய் துடைத்த சாக்கைக் கொடுத்தனுப்பியவன் இவன்.

அந்த வெறுப்பில்தான் சொன்னார்.

"வாங்குறதுதான் வாங்குறீங்க, ஒரு சுத்து போய்ப் பாத்துட்டு வாங்குங்க. பால்பாண்டியே ஓட்டட்டும். சோணை, அவன் கட்டை அவிழ்த்து விடுங்க."

பால்பாண்டி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நடந்து போய் இரட்டை இறக்கையில் ஏறி உட்கார்ந்தான். முன் சீட்டைக் காட்டினான்.

மிராசு நாற்காலிக்கே திரும்பிப் போய் உட்கார்ந்தார். கையிலிருந்த இளநீர் வேட்டியில் சிந்தியது.

"இப்ப வேணாம். வயிறு சரியில்ல."

"ஒரு வாரமாத் தரையிலயே நிக்கலையாமே?"

"வேணாம்னா விடுங்களேன்யா..."

ஆரோக்கியநாதன் அவரையே பார்த்தார். எதற்கு இந்த நடுக்கம்? பால்பாண்டி கவிழ்த்து விடுவான் என்றா? அவனும் கூடத்தானே பறக்கப் போகிறான்!

"சோணை, இந்த டேங்க்குலயும் ஒரு கிளாஸ் பிடிங்க."

பிடித்தார்.

மேலே பெட்ரோல். கீழே... தண்ணீர்!

பால்பாண்டி குதித்து இறங்கினான். கிளாஸைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தான். சொந்த விமானத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு அதிலேயே ஏறிப் பறக்க நினைப்பவன் எவனும் இல்லை.

இரண்டு விமானமும் கெட்டால் யாருக்கு லாபம்? விற்க வந்த யாருக்கும் இல்லை.

வாங்குகிறவனுக்கு!

"எப்ப ஊத்துனீங்க மிராசு?"

மலையாண்டி வேட்டியைத் துடைத்துக்கொண்டார். அவர் குரலில் வருத்தம் இல்லை. காரியம் கெட்டுப்போன சலிப்புதான் இருந்தது.

"நேத்து ராத்திரி. எதை எடுக்கன்னு முடிவு பண்ணல, அதான் ரெண்டுலயும் ஊத்துனேன். மாட்டுச் சந்தையில நடக்காததா? முந்தின ராத்திரி மாட்டுக் குளம்புல ஒரு கல்லைச் செருகிட்டா விடிஞ்சதும் நொண்டும். வித்தாப் போதும்னு தள்ளிவிட்டுப் போவான். இதுவும் தரையில நின்னு முக்கும், மொனகும்னு நெனச்சேன். மேல ஏறிப் போயி நிக்கும்னு எவன் கண்டான்?"

"தண்ணி ஊத்தினது நீங்கன்னு தெரிஞ்சும் அவனை மரத்துல கட்டினீங்க. அவன் தூக்குல தொங்கியிருப்பான்."

"அதுக்குள்ள வண்டி கைக்கு வந்திருக்கும்ல..."

ஆரோக்கியநாதன் விலங்கை மாட்டினார். மாட்டிய கையைக் கண்மாய் மண்ணில் தேய்த்துக்கொண்டார். பிறகு தன் மேல்கோட்டைக் கழற்றி மரியராஜின் மேல் போர்த்தச் சொன்னார்.

போலீஸ் வேன் மதுரைக்குக் கிளம்பியது. திருமங்கலம் தாண்டியதும் மிராசு மெல்லச் செருமினார்.

"நான் ஒண்ணும் கொல்லணும்னு செய்யலையே. எத்தனை வருசம் போடுவாங்க? பாத்துக் கொறைக்க முடியாதா?"

"குறையலாம். ஜட்ஜய்யா கார் டேங்க்குலயும் கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாருங்க!"