படுக்க வைத்த கல்

வாயாடி என்று ஊரே கூப்பிடும் அந்தச் சிறுமி, சண்டை போடத்தான் கல்தச்சரின் பட்டறைக்குப் போனாள்.

அவளுடைய அப்பா நீர்மூழ்கிக் கப்பலில் சமையல்காரர். போன வருடம் போரின்போது கடலுக்கு அடியில் போன அந்தக் கப்பல் திரும்பி வரவே இல்லை. உள்ளே இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கப்பல் எங்கே கிடக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது. இப்போது அவர்களுக்காகத் துறைமுகத்தில் ஒரு நினைவுக்கல் வைக்கப் போகிறார்கள்.

அந்தக் கல்லில் அப்பாவின் பெயர் எல்லோருக்கும் கீழே, தரையோடு தரையாக இருக்கிறதாம். வகுப்பில் ஒருத்தி சொன்னாள். "நாய் வந்து காலைத் தூக்கும் பாரு" என்றும் சேர்த்துச் சொன்னாள். வாயாடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நேராகப் பட்டறைக்கு வந்துவிட்டாள். அங்கே ஆள் உயரத்தையும் தாண்டிய கறுப்புக் கல் ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. மேலிருந்து கீழே வரை சாக்பீஸில் பெயர்களை எழுதியிருந்தார்கள். உச்சியில் கேப்டன். கடைசியில் அப்பா.

"மாமா, எங்கப்பாவை ஏன் அடியில தள்ளினீங்க?"

கல்தச்சர் கண்ணாடியில் படிந்த கல்தூளை ஊதினார். "நான் தள்ளலம்மா. அது பதவி வரிசை. சாக்பீஸ்ல எழுதியாச்சு, நாளைக்கு உளி வைக்கணும்."

"எங்கப்பா சமைக்கலைன்னா உங்க கேப்டன் பட்டினி!"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் ஆள் அரவம் கேட்டது. கல்லைப் பார்வையிடத் துறைமுக அதிகாரி வந்தார். கூடவே கேப்டனின் மனைவியும் அவருடைய ஐந்து வயதுப் பொடியனும் வந்தார்கள்.

"அம்மா, அப்பா எங்கே இருக்காரு?" என்றான் பொடியன்.

"அதோ, மேல. முதல் பேரு."

பொடியன் எம்பினான். எட்டவில்லை. அங்கே கிடந்த மரப்பெட்டியின் மேல் ஏறி மறுபடி எம்பினான். பெட்டி புரண்டது. தடாலென்று விழுந்தான். முகவாயில் ரத்தம் வந்தது. அம்மா ஓடிப்போய் அவனைத் தூக்கிப் பிடித்தார். அப்போதும் அவன் கை எட்டவில்லை.

"நீ பெரியவனானதும் தொடலாம், கண்ணு."

"அது எப்போ?"

அம்மா அவனை இறக்கிவிட்டு, முந்தானையால் ரத்தத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

வாயாடிக்குத் தான் போட வந்த சண்டை மறந்தே போயிற்று. அவள் குனிந்தாலே போதும், அப்பா கைக்குக் கிடைத்துவிடுகிறார். இந்தப் பொடியனுக்கு எம்பினாலும் கிடைக்கவில்லை.

"சார், இவங்கப்பாவைக் கீழ எழுதிட்டு எங்கப்பாவை மேல எழுதுங்களேன்" என்றாள்.

அதிகாரி பதறிப்போனார். "கேப்டனைக் கடைசியில போடுறதா? ஐயையோ! வரிசையை மாத்தவே முடியாது."

வாயாடி கல்லை மேலும் கீழும் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தும் பார்த்தாள்.

"வரிசை அப்படியே இருக்கட்டும் சார். கல்லை நிக்க வைக்காம படுக்க வெச்சுட்டா? அப்போ எல்லாப் பேரும் ஒரே உயரம்தானே? யார் வேணும்னாலும் தொடலாமே!"

அதிகாரியும் தலையைச் சாய்த்துக் கல்லைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "நல்ல யோசனைதான். ஆனா பார்க்கக் கல்லறை மாதிரி இருக்கும்மா."

மகனின் முகவாயைத் துடைத்துக்கொண்டிருந்த கேப்டனின் மனைவி நிமிர்ந்தார்.

"அதுதானே சார் எங்களுக்கு இல்லாமப் போச்சு."

அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை கட்டிடலாம்" என்றார் கல்தச்சர். "மழைத் தண்ணி நிக்காம ஒரு பக்கம் லேசா சரிச்சு வெச்சாப் போதும்."

"செஞ்சிடுங்க" என்றார் அதிகாரி.

திறப்பு விழா அன்று வானம் மூடிக்கிடந்தது. யாரோ என்னென்னவோ பேசினார்கள். பேச்சு முடிந்ததும் ஜனங்கள் கல்லைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு கிழவர் மகனின் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தார். பொடியன் கல்லின் தலைமாட்டில் நின்று, வெட்டிய எழுத்துகளுக்குள் விரலை விட்டு ஒவ்வொன்றாக ஓட்டினான். அவன் அம்மா வாய்விட்டு அழுதார். அழட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

வாயாடி கல்லின் கால்மாட்டுக்குப் போனாள். அப்பாவின் பெயர் மேல் கன்னத்தை வைத்தாள். கல் சில்லென்று இருந்தது. கண்ணீர் தானாக வழிந்து எழுத்துகளுக்குள் இறங்கியது.

அப்பாவிடம் சொல்ல அவளுக்கு ஒரு வருடத்துக் கதை இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அப்பா, நீங்க போனப்புறம் நமக்குத் தம்பி பொறந்திருக்கான். உங்க மூக்குதான் அவனுக்கு" என்று ஆரம்பித்தாள்.