முப்பத்தோராம் நம்பர் வில்லை

"சைதாப்பேட்டை மசூதியாண்ட ஒரு பீடியப் பத்த வச்சேன்னா, அது அணையறதுக்குள்ள மயிலாப்பூர்ல இந்த கேட்டாண்ட நிப்பேன்" என்றார் ஷாஹுல் ஹமீது. "நடந்துதான். ஓடக்கூட இல்ல."

கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்த அந்த அச்சாபீஸ் சிரித்த சிரிப்பில், பெட்டிகளில் கிடந்த ஈய எழுத்துகள் குலுங்கி 'க' இருந்த அறையில் 'ப' போய் விழுந்தது. இரண்டு காக்கை கூரையை விட்டே பறந்துவிட்டன. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மவுண்ட் ரோடு பிடித்து, தேனாம்பேட்டை சுற்றி, லஸ் வழியாக வந்தால் ஒன்றேகால் மணி நேரம். ஆற்றோரச் சேற்றில் குறுக்கே விழுந்து வந்தாலும் முக்கால் மணி.

கேட் காக்கும் லூர்துசாமி மட்டும் சிரிக்கவில்லை.

"மாதா கோயில் பக்கத்துல வூடு, எனக்கே பத்து நிமிசம் ஆவுது. நீ இன்னா பாய், பறந்துகினு வர்றியா?"

"பறக்கல நைனா. இட்டுக்கினு வராங்க."

"யாரு?"

பைண்டிங் செய்யும் ஷாஹுல் ஹமீதின் கை பசையில் அப்படியே நின்றது. உண்மையை உண்மையாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பீற்றலாகவாவது சொல்லித் தீர்க்கலாம் என்று பார்த்தார். அதுவும் தீரவில்லை.

அந்த அச்சாபீஸில் ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட பித்தளை வில்லை உண்டு. காலையில் வந்ததும் கேட்டோரப் பெட்டியில் இருந்து அதை எடுத்துப் பலகையில் தன் ஆணியில் மாட்ட வேண்டும். எட்டு மணிக்கு மணியடித்தால் கேட் மூடிவிடும். ஆகவே தூரத்தில் இருந்து வருகிறவர்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள்: முன்னால் வந்தவன் பின்னால் வருகிறவனுடைய வில்லையையும் சேர்த்து மாட்டிவிடுவான். பின்னால் வருகிறவன் பின்சுவர் ஏறிக் குதிப்பான். லூர்துசாமிக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். லூர்துசாமி தெரியாதது போல இருந்தார்.

மிஷின் ஓட்டும் பக்கிரியும் சைதாப்பேட்டைதான். முப்பத்தோராம் நம்பர். போன ஐப்பசியில், வானமே ஓட்டையாகி ஊற்றிய ஒரு காலையில், ஷாஹுல் ஹமீதுக்குத் தெரிந்தவருடைய ஜட்கா வண்டியில் ஓர் ஆளுக்கு இடம் கிடைத்தது.

"நீ ஏறிக்கோ பாய். நான் குறுக்கால வந்துர்றேன். லேட்டாச்சுன்னா என் வில்லைய மாட்டிடு" என்றான் பக்கிரி.

மாட்டினார்.

பத்து மணிக்குப் பக்கிரியின் மனைவி தேசம்மா நனைந்த புடவையோடு கேட்டுக்கு வந்தாள். ஆற்றோரத்தில் யாரோ கத்தினார்களாம், புருஷன் வந்து சேர்ந்தானா என்று கேட்டாள். லூர்துசாமி பலகையைப் பார்த்தார். "உள்ளதான் கீறான், போம்மா" என்றார். உள்ளே பசைச் சட்டியோடு உட்கார்ந்திருந்த ஷாஹுல் ஹமீதின் காதில் அது விழுந்தது. சொன்னால் எல்லோருடைய ஏற்பாடும் கெடும், இதோ குதித்துவிடுவான் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் பக்கிரியைச் சேற்றில் இருந்து எடுத்தார்கள். கை மட்டும் மேலே இருந்ததாம்.

வேலைக்கு வந்தவன், சுவரேறிக் குதித்துக் கள் குடிக்கப் போய் ஆற்றில் விழுந்தான் என்று ஊர் முடிவு கட்டியது. பலகை பொய் சொல்லுமா? தேசம்மா கருவாட்டுக் கூடையோடு சந்தைக்குப் போனால், "குடிகாரன் பொண்டாட்டி" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். மூன்று மாதமாக. ஷாஹுல் ஹமீது அவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

"யாருன்னு நீ சொல்லல. நாளைக்கு நானும் உன்கூட வரேன்" என்றார் லூர்துசாமி. "பீடியும் நானே வாங்கியாறேன். பார்த்துரலாம்."

மறுநாள் காலை ஆறரை மணி. சைதாப்பேட்டையில் மச்சினி வீட்டில் ராத்தங்கிய லூர்துசாமி பாக்கெட் கடியாரத்தைப் பார்த்துக்கொண்டார். கேட் சாவி இடுப்பில். ஷாஹுல் ஹமீது பீடியைப் பற்ற வைத்தார். மூன்று குச்சி வீணாயிற்று.

தை மாதப் பனி ஆற்றின் மேல் கிடந்தது. பனைகளுக்குத் தலை மட்டும் இருந்தது, உடம்பில்லை. தவளைகூடக் கத்தவில்லை. அழுகிய தாழையும் உப்பும் கலந்த சேற்று நாற்றம் மூக்கில் ஏறியது.

சளக். சளக்.

லூர்துசாமி நின்றார். ஷாஹுல் ஹமீதும் நின்றார்.

சளக்.

"பாய், நாம ரெண்டு பேருதானே?"

ஷாஹுல் ஹமீதின் இடது கை, யாரோ பிடித்தது போல முன்னால் நீண்டிருந்தது. விரல் இடுக்குகளில் இருந்து கறுப்புச் சேறு வழிந்தது.

காதோரத்தில் ஒரு குரல். மூச்சில்லாத குரல்.

"நேரமாச்சு பாய்... என் வில்லைய மாட்டுனியா?"

தினமும் அதே கேள்விதான். தினமும் "மாட்டிட்டேன் பக்கிரி" என்று முணுமுணுப்பார். அவ்வளவுதான், கால் தரையில் படாது. இன்று பக்கத்தில் லூர்துசாமி நிற்கிறார். சொன்னால் தெரிந்துவிடும். வாயை இறுக மூடிக்கொண்டார்.

சேறு கணுக்கால் ஏறியது.

"மாட்டுனியா பாய்?"

முழங்கால்.

"பாய், வுடு, இழுக்குது!" என்று லூர்துசாமி அவர் தோளைப் பிடித்துத் தொங்கினார். அவருடைய கடியாரச் சங்கிலியும் சேற்றில் இறங்கியது.

இடுப்பு.

"மாட்டுனேன்!" என்று அலறினார் ஷாஹுல் ஹமீது. "நான்தான் மாட்டுனேன்! நீ வர்றதுக்கு முன்னயே மாட்டுனேன்! உன் பொண்டாட்டி வந்து கேட்டப்போ வாயத் தொறக்கல பக்கிரி, நான் வாயத் தொறக்கல!"

கைப்பிடி தளர்ந்தது.

பனி ஒருமுறை கண்ணை மறைத்தது. விலகியபோது இருவரும் அச்சாபீஸ் கேட்டின் முன்னால் நின்றார்கள். பீடியில் இன்னும் கால்வாசி இருந்தது. கடியாரத்தில் ஆறு முப்பத்தி நாலு.

லூர்துசாமி பூட்டைத் திறக்க எட்டு முறை முயன்றார். உள்ளே வெறும் பலகை, வரிசையாக ஆணிகள். ஒன்றில் மட்டும் ஒரு வில்லை, ஈரம் சொட்ட ஆடிக்கொண்டிருந்தது. பக்கிரி செத்த அன்று அவரே மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிய வில்லை.

இழுப்பறை பூட்டியபடியே இருந்தது.

"அப்போ... அன்னிக்கு அவன் வரவேயில்லியா?" என்றார் லூர்துசாமி. மீசை தொங்கிவிட்டது.

"வரல."

"நான் பலகையத்தான் பாத்தேன் பாய். ஒரு எட்டு உள்ள போய் ஆளப் பாக்கல."

இருபத்திரண்டு வருஷ வேலையில் முதல் தடவையாக லூர்துசாமி கேட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு, பாயையும் கூட்டிக்கொண்டு தேசம்மா வீட்டுக்கு நடந்தார். மவுண்ட் ரோட்டு வழிதான். ஒன்றேகால் மணி நேரம் என்பது பொய், அன்று அது ஒரு வருஷம். ஒவ்வொரு பர்லாங்கு கல்லும் ஷாஹுல் ஹமீதின் முகத்தைப் பார்ப்பது போல இருந்தது.

தேசம்மா சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கூடையை இறக்காமலே கேட்டாள்.

"இன்னா பாய், இத்தினி நாளா கண்டா ஓடுவே, இன்னிக்கு வூட்டுக்கே வந்துகீறே?"

ஷாஹுல் ஹமீது தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். ஜட்கா, வில்லை, பத்து மணிக்குக் குனிந்த தலை, ஆற்றங்கரைக் குரல். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பீற்றல் என்பது அவர் வாயை விட்டே போயிருந்தது.

தேசம்மா அழவில்லை. வாசலில் சாணி மெழுகிய தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் இருந்து படிவரை ஈரக் காலடிகள் வந்திருந்தன. இரண்டு ஜோடி படியில் நின்றன. மூன்றாவது ஜோடி அவற்றுக்கு முன்பே வந்து, படியேறி, உள்ளே போயிருந்தது.

திரும்பி வரும் தடம் இல்லை.

அவள் குரல் மெல்ல வந்தது. "பாய் எதுனா பெருசா சொல்றவரு. நீங்க எதையும் நம்பாதவரு. நீங்க சொல்லுங்கண்ணே. இது நெசமா?"

லூர்துசாமி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நெசம்தாம்மா. நடந்துச்சு. உன் புருசன் குடிக்கப் போவல. அன்னிக்கு வேலைக்கு வந்து சேரவேயில்ல" என்றார். "இன்னிக்கு வந்தான். எங்களுக்கு முன்னாடியே வந்துட்டான்."