கிளை இல்லாத அத்தை

அந்த ஒரு போட்டோவைத் தொட்டால் மட்டும் வம்சாவளி மென்பொருள் திறக்காமல் இழுத்தது. ஞானஸ்நானச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை என்று மற்ற ஆதாரங்களெல்லாம் சட்டென்று திறந்தன. இதைத் தொட்டதும் திரை வெளுத்து, முனகிக்கொண்டிருந்த லேப்டாப் விசிறி அடங்கி, பென்னலூர் வீட்டுக்குள் சத்தமே இல்லாமல் போகும். அப்போதுதான் அது கேட்கும். உள்ளறையிலிருந்து, மெத்தென்று, தட்... தட்...

ஷெர்லின் தூக்கத்தில் சுவரை உதைக்கிறாள் என்று ஜோயல் நினைத்துக்கொண்டான். கல்யாணமாகிப் பல வருஷம் ஏங்கிப் பெற்ற ஒரே மகள். பள்ளியிலிருந்து வந்த களைப்பில், விளக்கு வைக்கும் நேரத்தில் தூங்கிவிட்டாள். மனைவி எழிலரசி இரண்டாம் ஷிஃப்ட்டுக்கு ஒரகடம் கம்பெனிக்குப் போயிருந்தாள்.

கிறிஸ்துமஸ் குடும்பக் கூடுகைக்கு வம்சாவளியை அச்சடித்துத் தருவது அவன் தலையில் விழுந்த வேலை. மென்பொருளோ ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆதாரம் கேட்டது. சொந்தங்கள் எல்லோரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: ராஜாமணி அத்தையின் அடக்கத்தன்று, திறந்த சவப்பெட்டியைச் சுற்றி நின்று எடுத்தது. அவள் படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் அன்று சலவைச் சட்டையில் வந்து நின்றிருந்தார்கள். அதையே அத்தனை பேருக்கும் இணைத்தான். அத்தைக்கு மட்டும் வம்சாவளி மரத்தில் இடமில்லை.

"கல்யாணமே ஆவல, கெளையே இல்லாதவங்கள எங்கடா போடுவ?" என்று பெரியப்பா மகன் பிரசன்னா கேட்டபோது ஜோயல் மறுத்துப் பேசவில்லை. அம்மா வேலைக்குப் போன காலமெல்லாம் அவனைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தவள் அந்த அத்தைதான். நன்றியெல்லாம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை.

கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் டில்லிபாபுவுக்குப் போன் போட்டான்.

"அத்தினி பேருக்கும் ஒரே போட்டோவ மாட்டி வெச்சிகினுகீற, இழுக்காம இன்னா பண்ணும்? தேவையில்லாதத வெட்டிட்டு சின்னதாக்கு மச்சான்."

தேவையில்லாதது எது என்று ஜோயல் யோசிக்கக்கூட இல்லை. படத்தின் கீழ்ப்பாதியை, பெட்டியோடு அத்தையை, வெட்டி எறிந்தான்.

இழுவை போயே போய்விட்டது. பெயர்கள் தொட்டதும் திறந்தன. வெளியே கம்பெனி பஸ் ஒன்று திரும்பியது. அதன் வெளிச்சம் சுவரில் ஊர்ந்து அணைந்ததும், வாடிய சம்பங்கி வாசனையும், அதற்கடியில், அத்தையைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் ஈர இரும்பு வாசனையும் வீட்டுக்குள் மெல்லப் பரவின.

தட். தட்.

திரை வெளுக்கவில்லை. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் கேட்டது.

உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மரத்தில் மகளின் பெயரைத் தேடினான். அவன் பெயருக்குக் கீழே வெறும் இடம். ஓரத்தில், அவன் எழுதாத பெயர் ஒன்று.

ராஜாமணி.

அதிலிருந்து ஒரு கோடு. கோட்டின் முனையில் ஷெர்லின். ஆதாரம் ஒன்று.

தொட்டான். உடனே திறந்தது. அதே சொந்தங்கள். பெட்டி இல்லை. நடுவில் அத்தை நின்றிருந்தாள். தோளில் ஒரு குழந்தை. மஞ்சள் கவுன்.

இன்று மாலை அவன் மாட்டிவிட்ட கவுன்.

"ஷெர்லின்! பாப்பா!"

உள்ளே ஓடினான். விளக்கைப் போட்டான். குப்புறப் படுத்திருந்தாள். முதுகில் மூச்சு ஏறி இறங்கவில்லை. மஞ்சள் துணியில் ஓர் உள்ளங்கை அகலம் மட்டும் அமுங்கியது. எழுந்தது. அமுங்கியது.

தட். தட்.