தொப்பை எழுத்தில் ஒரு மரணச் செய்தி

தன் மரணச் செய்தியைத் தானே சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துப்பறிவாளர் முன் வந்து நின்றார் ஓர் அச்சுக்கோப்பாளர். ஓய்வு பெற்று ஆறு வருடம். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ச்சுவரில் மட்டும் யாரோ இதை ஒட்டியிருந்தார்களாம். தம்பி மேல்தான் சந்தேகமாம். பேருந்து ஓட்டுநரான அந்தத் தம்பியோடு பேச்சு நின்று பதினோரு வருடமாகிறது. துப்பறிவாளரே நேரில் போய் அவனை விசாரிக்க வேண்டும் என்றார்.

துப்பறிவாளர் சுவரொட்டியை விரித்தார். தன்னைத் தானே உதவியாளனாக நியமித்துக்கொண்ட அவருடைய மைத்துனன் எட்டிப் பார்த்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் பானை வயிறு, மயிரிழையாய் இணைப்புக் கோடு, நுனியில் கொடி, அடியில் குட்டிப் பாதம். இதற்குத் தொப்பை எழுத்து என்று பேர், தள்ளுபடி விற்பனைக்கும் சர்க்கஸுக்கும் எடுப்போம், சாவுக்குத் தொடமாட்டோம் என்று பெரியவர் கேட்காமலே சொன்னார். அவர் விரல் ஓர் எழுத்தின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது.

மறுநாள் மைத்துனனுக்குக் கிடைத்த வேலை, அதே சுவரில் அதே சுவரொட்டியை மறுபடி ஒட்டுவது. எதற்கென்று அத்தான் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குத் தம்பியின் பேருந்தில் ஏறிப் போய்விட்டார்.

மாலையில் இருவரும் பெரியவரின் அறைக்குப் போனார்கள். அங்கே இருந்ததே ஒரு நாற்காலிதான்.

"தம்பிதானே, அத்தான்?" என்றான் மைத்துனன், கையில் காய்ந்த பசையை உரித்தபடி.

"இல்ல மாப்ளே. தேஞ்ச அச்செழுத்துக்கு அடியில காகிதம் வச்சுத் தூக்கிவிட்டிருக்காங்க. இல்லேன்னா அந்த மெல்லிசு கோடு பதியாது. பஸ் ஓட்டுறவருக்கு அது எப்படித் தெரியும்? அச்சுக்கோத்த கைக்குத்தான் தெரியும்." துப்பறிவாளர் பெரியவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குப் பிடிச்ச எழுத்துல நீங்களே அடிச்சு நீங்களே ஒட்டினீங்க. தம்பி பார்த்தாரான்னு தெரிஞ்சுக்கத்தான் எங்களை அனுப்பினீங்க."

பெரியவர் மறுக்கவில்லை. "ஒன்பது நாள் சுவத்துல இருந்துச்சு. நான் செத்தாக்கூட வரமாட்டான்னு தெரிஞ்சுபோச்சு."

இப்படி ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்து என்ன பிரயோசனம் என்று மைத்துனனுக்குத் தோன்றியது.

"அவர் படிக்கவே இல்ல," என்றார் துப்பறிவாளர். "நானும் பஸ்ல இருந்து பார்த்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் போனா மெல்லிசு கோடெல்லாம் மறைஞ்சுடுது, வெறும் வயிறுதான் தெரியுது. ஏதோ தள்ளுபடின்னு நினைச்சாராம்."

நாற்பது வருடமாக அந்த எழுத்தைக் கையெட்டும் தூரத்தில் மட்டுமே பார்த்தவர் பெரியவர். தம்பி வேறென்ன சொன்னான் என்று மெல்லக் கேட்டார்.

"'தினம் எட்டுத் தடவை அந்த நிறுத்தத்துல நிறுத்துறேன். பதினோரு வருஷத்துல அண்ணன் ஒரு தடவையாவது ஏறினாரா'ன்னு கேட்டார்."

பெரியவர் எழுந்து சட்டையைத் தேட ஆரம்பித்தார்.