அவள் நிரப்பிய தோட்டா

"அதை எடுக்காதீங்க!"

மார்லிஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். மழையில் நனைந்த தொப்பி, அதன் கீழே சாம்பல் நிறக் கண்கள்... கடையில் வேலை செய்பவன் என்று நினைத்துக்கொண்டாள்.

எல்க் மான் வேட்டைக்கு இன்னும் ஒரு மாதம்தான். இந்த வருடம் சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளில் மருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே நிரப்புவது என்று துப்பாக்கிக் கடைக்கு வந்தவளுக்கு, அலமாரியைப் பார்த்ததும் தலை சுற்றியது. அச்சு, தராசு, அளவுகோல், புனல்... எதை எடுப்பது, எதை விடுவது? குழப்பம் தாங்காமல்தான் இருப்பதிலேயே பெரிய இயந்திரத்தின் மேல் கை வைத்தாள்.

"ஏன், பொம்பளைக்கு இது சரிப்படாதா?"

"புதுசா பழகற யாருக்கும் சரிப்படாது. ஒரே இழுப்புல நாலு வேலை செய்யும், எங்க தப்பு நடந்துச்சுன்னே தெரியாது. அந்தச் சின்னதை எடுங்க. ஒரு இழுப்புக்கு ஒரு வேலை. கூடவே நல்ல தராசு ஒண்ணு."

"விலை கம்மியானதை விக்கறீங்க... முதலாளி திட்டப்போறார்!"

"எனக்கு ஏதுங்க முதலாளி? நான் ஓரின். குதிரைக்கு லாடம் அடிக்கிறவன். வெடிமருந்து வாங்க வந்தேன்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. சமாளிக்க, வாயில் வந்ததைக் கேட்டாள். "அப்ப நீங்க நிரப்பினதுல பத்து குடுங்களேன்... சுட்டுப் பார்க்கறேன்."

"மாட்டேன். அடுத்தவங்க நிரப்பினதை யாரும் சுடக் கூடாது. அளவு தப்பினா துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். வீட்டு ஆளா இருந்தா வேற விஷயம்."

பட்டென்று சொல்லிவிட்டான். கண்களோ சிரித்தன... இவன் அக்கறைப்படுகிறானா, அவமானப்படுத்துகிறானா? ஒன்றும் புரியவில்லை. வீம்புக்குப் பெரியதையே வாங்கிக்கொண்டு போனாள்.

வீட்டில் முப்பது தோட்டா நிரப்பி முடித்த பிறகு சந்தேகம் வந்தது. நடுவில் ஒரு முறை கைப்பிடி சிக்கியதே... அப்போது மருந்து இரண்டு முறை விழுந்ததா, விழவே இல்லையா? யோசிக்க உட்கார்ந்தால் அந்தச் சாம்பல் நிறக் கண்கள்தான் வந்து நின்றன. பாழாய்ப்போன கண்கள்! முப்பதையும் பிரித்துக் கொட்டினாள். மறுநாளே இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சின்னதை வாங்கினாள்.

மூன்றாவது சனிக்கிழமை, ஊருக்கு வெளியே துப்பாக்கி சுட்டுப் பழகும் திடலில், பக்கத்து மேசையில் அவன்!

"பெரிசு எப்படி ஓடுது?" என்றான் ஓரின்.

பொய் சொல்லிவிடலாமா? மானம் போகுமே... ஆனாலும் உண்மையே வாயில் வந்தது. "திருப்பிக் குடுத்துட்டேன். சந்தேகம் வந்து முப்பதையும் பிரிச்சுட்டேன். இது சின்னதுல நிரப்பினது. ஒண்ணொண்ணுக்கும் மருந்தை எடை போட்டு, புத்தகத்துல இருக்கற குறைஞ்ச அளவுதான் போட்டேன். பத்து சுட்டாச்சு, நல்லாப் போகுது. சிரிக்கணும்னா சிரிச்சுக்கோங்க!"

அவன் சிரிக்கவில்லை. "முப்பதையுமா பிரிச்சே?" என்று மட்டும் கேட்டான். பிறகு கையை நீட்டினான். "ஒண்ணு குடு. என்னோடதும் அதே அளவுத் துப்பாக்கிதான்."

அவளுக்கு மறுபடியும் குழப்பம். "அடுத்தவங்க நிரப்பினதைச் சுடக் கூடாதுன்னு நீங்கதானே... வீட்டு ஆளா இருந்தாத்தான்னு..."

"ஆமா." அவனுக்குக் காது வரை சிவந்தது. "அதைத்தான் கேக்கறேன், மார்லிஸ். அன்னிக்கு பில் போடறப்பவே உன் பேரைக் கேட்டு வச்சுக்கிட்டேன்... எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் ஒரு தோட்டாவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைத் தன் துப்பாக்கியில் போட்டான்.

வெடிச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. குண்டு எங்கே பட்டதென்று இருவருமே பார்க்கவில்லை.